ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு மாற்று கார்புரேட்டர் தேடுகிறீர்களா?

பழைய அமெரிக்கக் கார் வாங்கிய நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கார்ப் நல்லது?" என்றுதான். "டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தாச்சா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இவனிடம் போய்க் கேட்டோமே என்பது போலப் பார்ப்பார்கள். கார்ப் என்றால் கார்புரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குள் அனுப்பும் உருப்படி. டிஸ்ட்ரிபியூட்டர் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பகிர்ந்து அனுப்புவது. அதை ஏன் கேட்கிறேன் என்று காரணத்தைச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1966 ஃபோர்டு மஸ்டாங். எல்லோரும் கொண்டாடும் எட்டு சிலிண்டர் வி8 இல்லை. 200 கன அங்குல ஆறு சிலிண்டர், 120 குதிரைத்திறன். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாது, ஃபோர்டின் மெட்டச்சன் தொழிற்சாலை அந்த ஊரில்தான் இருந்தது. 1948 முதல் 2004 வரை ஓடியது. அறுபதுகளில் மஸ்டாங் செய்த மூன்று தொழிற்சாலைகளில் அதுவும் ஒன்று. என் வண்டியும் அங்கே செய்ததுதான் என்பதை வின் நம்பரே (வண்டியின் அடையாள எண்) சொல்லும்: 6டி07டி (6T07T) என்று தொடங்குகிறது. 6 என்றால் 1966. அடுத்த டி மெட்டச்சன், 07 ஹார்ட்டாப் பாடி. ஐந்தாவது இடத்தில் வரும் டிதான் நமக்கு வேண்டியது: 200 ஆறு சிலிண்டர், ஒற்றை பேரல் (காற்று போகும் ஒரே துளை) கார்ப். அங்கே சி இருந்தால் 289 வி8 இரண்டு பேரல். ஏ இருந்தால் 289 நான்கு பேரல். டிரைவர் கதவில் இருக்கும் தகட்டில் கியர்பாக்ஸ் குறியீடும் இருக்கும். 1 என்றால் மூன்று ஸ்பீடு மேனுவல், 6 என்றால் சி4 ஆட்டோமேட்டிக். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத்தில் எவனாவது என்ஜினையே மாற்றியிருக்கலாம் என்பதால், பானட்டைத் திறந்து சிலிண்டரையும் ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால், பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, த்ராட்டில் (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுத் தகடு) தண்டு கார்ப் உடம்புக்குள் நுழையும் இரண்டு பக்கத்திலும் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடியுங்கள். என்ஜின் சத்தம் மாறினால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது. தண்டும் ஓட்டையும் தேய்ந்துவிட்டன, புஷ் (உலோக உறை) போட வேண்டும். கேஸ்கெட் கிட் எத்தனை போட்டாலும் இந்த நோய் தீராது. பெட்ரோல் வழிகிறதா? கார்புக்குள் பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிதவையான பித்தளை ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலவென்றால் ஓட்டை. சத்தம் வராவிட்டாலும் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பொத்தலிலிருந்து குமிழி வரிசையாகக் கிளம்பும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் திக்கித் திணறினால் கார்பின் பம்ப் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) விறைத்திருக்கும். இங்கே பங்கில் ஊற்றுவதில் பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதற்குத் தாங்காது. எத்தனாலுக்கு ஒத்துவரும் கிட் கேட்டு வாங்குங்கள். பாதிப் பேருக்குத் தேடலே இத்தோடு முடிந்துவிடும்.

இனி டிஸ்ட்ரிபியூட்டர் சமாச்சாரம். 1967 வரை வந்த ஃபோர்டு சின்ன ஆறு சிலிண்டரில் இருப்பது லோட்-ஓ-மேட்டிக் டிஸ்ட்ரிபியூட்டர். மற்ற கார்களில் வேகம் ஏற ஏற டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, முன்னே தள்ள உள்ளே எடைக்கட்டிகள் சுழலும். இதில் அவை கிடையாது. முழுக்க முழுக்க கார்ப் அனுப்பும் வேக்குவத்தை (உறிஞ்சும் இழுப்பை) நம்பித்தான் டைமிங் நகரும். அதற்கேற்ப ஆட்டோலைட் 1100 கார்ப், வென்சுரி (கார்பின் நடுவே குறுகும் தொண்டை) வேக்குவத்தையும் த்ராட்டில் பக்கத்து வேக்குவத்தையும் கலந்து ஒரே குழாயில் அனுப்புகிறது. கலவையைக் கட்டுப்படுத்துவது ஸ்பார்க் கண்ட்ரோல் வால்வ். கார்ப் உடம்பின் பக்கவாட்டில் அறுகோணத் தலையோடு திருகியிருக்கும் சின்ன உருப்படி அது.

பென்சில்வேனியாவில் இருக்கும் நண்பன் ஒருவன் இதே மாடலுக்குப் பளபளவென்று புது கார்ப் போட்டான். "மச்சான், நின்ன இடத்துல ரேஸ் கொடுத்தா சூப்பரா இருக்கு. மேடு வந்தா எருமை மாதிரி நிக்குது" என்றான். போய்ப் பார்த்தேன். கார்ப் புதுசு, ஜெட் (பெட்ரோல் வரும் துளை) சரி, ஃப்ளோட் அளவு சரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே எடைக்கட்டி இல்லை. கார்பின் பக்கவாட்டைத் தடவினால் அந்த வால்வும் இல்லை. பாரம் இல்லாமல் ரேஸ் கொடுக்கும்போது த்ராட்டில் வேக்குவம் நிறைய இருக்கும், டைமிங்கும் நகரும். மேட்டில் அழுத்தி மிதித்தால் அந்த வேக்குவம் விழுந்துவிடும். தாங்கிப் பிடிக்க வென்சுரி வேக்குவமும் இல்லை, எடையும் இல்லை. டைமிங் பின்னால் போய்விடுகிறது. வண்டி இழுக்காது, சூடும் ஏறும்.

ஆக வழி இரண்டு. ஒன்று, வால்வோடு கூடிய 1100ஐயே தேடிப் போடுவது. இல்லையென்றால், 1968க்குப் பிறகு வந்த, எடையும் வேக்குவமும் இரண்டுமே உள்ள டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டிவிட்டு, வால்வ் இல்லாத கார்பைப் போடுவது. ஒன்றில் பாதி, இன்னொன்றில் பாதி என்று மட்டும் கலக்காதீர்கள். புது டிஸ்ட்ரிபியூட்டருக்கு வால்வ் வைத்த பழைய கார்பும் சரிவராது. நான் முதல் வழிக்காரன். செலவு குறைவு, வண்டியும் பிறந்த மாதிரியே இருக்கும்.

விளம்பரப் படத்தில் அந்த வால்வ் தெரியாவிட்டால் விற்பவரிடம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "எல்லா வருஷத்துக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். மேல் மூடித் திருகு ஒன்றின் கீழே சின்ன உலோகச் சீட்டு தொங்கினால் உங்களுக்கு யோகம்: சி6 என்று தொடங்கினால் 1966க்கான வடிவமைப்பு, சி5 என்றால் 1965. அதே என்ஜின் ஃபோர்டின் ஃபால்கன் காரிலும் வந்ததால், சீட்டில் மஸ்டாங்கின் இசட் இல்லையே என்று ஒதுக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டி கார்பில், காலை எடுத்ததும் என்ஜின் அணையாமல் த்ராட்டிலை மெதுவாக மூடவிடும் டேஷ்பாட் இருக்கும். மேனுவல் கார்பில் இருக்காது. சோக்குக்கு (குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப உதவும் காற்று மூடி) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து வரும் சூடு காற்றுக் குழாய் உங்கள் வண்டியில் முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். துருப்பிடித்து உதிர்ந்திருந்தால் எலக்ட்ரிக் சோக் வைத்தது எடுப்பது மேல்.

மேனிஃபோல்டை மாற்றிப் பெரிய கார்ப் போடலாமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இந்த என்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது, சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்தது. பேச்சு அங்கேயே முடிந்தது.

எங்கே வாங்குவது? அக்டோபரில் பென்சில்வேனியா ஹெர்ஷியில் நடக்கும் பழைய கார் சந்தை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கார்லைலில் கூடும் சந்தை, இரண்டுமே நமக்குக் காரில் போய்வரும் தூரம்தான். நேரில் வாங்குவதில் லாபம், த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். லொடலொடவென்றால் கீழே வைத்துவிடுங்கள். ரீபில்ட் செய்து விற்பவர்கள் பல வருஷத்து உடம்புகளைக் கலந்து பூட்டுவதுண்டு, வந்ததும் சரிபாருங்கள். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் கோர் பணம் தருவார்கள். சீட்டோடு இருக்கும் உங்கள் ஒரிஜினலை அந்தச் சில்லறைக்காகக் கொடுத்துவிடாதீர்கள்.

வி8காரர்களுக்கு எந்த அளவு கார்ப் என்பதற்குக் கணக்கு வேறு: கன அங்குலத்தை அதிகபட்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுங்கள். 289ஐ 5000 வரை ஓட்டினால் 418. தெருவில் ஓடும் என்ஜினுக்கு அதில் 85 சதவீதம், சுமார் 355 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) போதும். 750 வேண்டும் என்று கடையில் சொல்பவர் உங்கள் வண்டியை ஓட்டப் போவதில்லை. இரண்டு பேரல் கார்பான ஆட்டோலைட் 2100ன் பக்கத்தில் வட்டத்துக்குள் 1.08 என்று வார்த்திருந்தால் அது 287 சிஎஃப்எம். ஆனால் இரண்டு பேரலை அளப்பது 3 அங்குல பாதரச வேக்குவத்தில், நான்கு பேரலை 1.5ல். ஒப்பிட வேண்டுமானால் இரண்டு பேரல் எண்ணை 1.41ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது, ஆறு சிலிண்டரில் கார்புக்கு அடியில் ஹீட்டர் தண்ணீர் ஓடும் ஸ்பேசர் (இடைத்தட்டு) இருக்கும். அதன் மேலும் கீழும் புது கேஸ்கெட் போடுங்கள், நட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரேயடியாக முறுக்கினால் கார்பின் அடித்தட்டு வளைந்துவிடும். மிக்ஸ்சர் திருகை மெதுவாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள். என்ஜினைக் கிளப்புவதற்கு முன் ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். த்ராட்டில் முழுக்கத் திறந்து, காலை எடுத்ததும் சிக்காமல் தானாக மூட வேண்டும்.