களிமண்ணில் குழி வேண்டாம், மேடு போடுங்கள்

சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடி புளோக் கீழேயுள்ள சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலையோ முருங்கையோ வைக்கப் போகிறீர்களா? ஆழக் குழி தோண்டி நல்ல மண் நிரப்பாதீர்கள். தரைக்கு மேல் 25 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு, ஒரு மீட்டர் அகலத்தில் மேடு கட்டி அதில் நடுங்கள். உரமண் பையும் மிச்சம், இடுப்பும் மிச்சம்.

புக்கிட் தீமா வட்டாரச் செம்மண், கருங்கல் சிதைந்து உருவான களி. ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடத்தில் அந்தக் குழி, ஓட்டையில்லாத வாளி மாதிரிதான். சுற்றியுள்ள களி நீரை மெல்லத்தான் விடும். நிரப்பிய மண்ணில் தண்ணீர் நின்று, காற்றில்லாமல் வேர் அழுகும். மேட்டுக்கு அடியில் தோட்ட முள்கரண்டியால் தரையை 10 செ.மீ. கிளறிவிட்டால் போதும். ஈரக் களியை மண்வெட்டியால் வெட்டினால் வெட்டிய பக்கம் மெழுகியதுபோல் இறுகிவிடும்.

இதே மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போவதால் மண் புளிப்பேறியிருக்கும். சதுர மீட்டருக்கு 100 கிராம் டோலமைட் தூள் (இவ்விரண்டும் உள்ள கல்தூள்) கலக்கலாம். கோழி எருவோடு சேர்த்துப் போடாதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம் விடுங்கள்.

கடலைத் தூர்த்து மணல் நிரப்பிய இடங்களில் மேடு சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே சமதளமே நல்லது. வல்லாரை, கங்கோங் கீரை போன்ற ஈரம் விரும்பிகளுக்கும் மேடு தேவையில்லை. சந்தேகமிருந்தால் ஒரு சாண் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நான்கு மணி நேரம் கழித்தும் நின்றால் மேடுதான்.