தாமிரபரணிக் கரையோரம் முதல் பைக் பயணம்: திருநெல்வேலி முதல் பாபநாசம் வரை

திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்குப் பேருந்தில் பல ஆண்டுகள் போய்வந்திருக்கிறேன். ஆனால் வயலுக்கு நீர் பாய்ந்திருக்கும் இடத்தைக் கடக்கும்போது காற்று சட்டென்று குளிர்வதும், அடுத்த வளைவில் வைக்கோல் வாசமும் சாணி வாசமும் கலந்து வருவதும் மோட்டார் சைக்கிளில் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அந்த இன்பத்தை விபத்தில்லாமல் அனுபவிக்க, புதிதாக வண்டி ஓட்டுவோர் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பெரிய வண்டி தேவையில்லை, 100 சி.சி. வண்டியே போதும்.

1. காலமும் திசையும்

பிசானப் பருவ நெற்பயிர் பச்சையாக நிற்கும் மார்கழி, தை மாதங்களே முதல் பயணத்துக்கு ஏற்றவை. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலை நினைத்து மனம் அலைபாயும்தான். ஆனால் அதே பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் இலகுவான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அங்கே காற்றாலைகளை நிறுத்தியிருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். கை பழகும் வரை அந்தத் திசையைத் தவிர்த்துவிட்டு மேற்கே செல்லுங்கள்.

மேற்கே செல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. காலையில் சூரியன் உதித்ததும் கிளம்பினால் வெயில் முதுகில் விழும். எதிரே பொதிகை மலை வெளிச்சத்தில் துலங்கும். மாலையில் கிழக்கே திரும்பும்போதும் சூரியன் முதுகுப் பக்கம்தான் இருக்கும். ஆனால் எதிரே வருபவருக்கு வெயில் கண்ணில் அடிப்பதால், நீங்கள் அவர் பார்வைக்குத் தப்பிவிடலாம். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் முகப்பு விளக்கு தானாகவே எரியும். பழைய வண்டியானால் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

2. முந்தைய நாள் வண்டியைப் பார்த்தல்

என் முதல் பயணத்தில் வீரவநல்லூருக்குச் சற்று முன்னால் செயின் கழன்று, அரை மணி நேரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒர்க்‌ஷாப்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, செயினு இப்படித் தொங்குதே, கிளம்புமுன்ன ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். பார்க்கும் முறையே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். செயின் முழுவதும் மூடியிருந்தால், அதன் உறையில் சிறிய ரப்பர் மூடி ஒன்று இருக்கும்; அதைக் கழற்றுங்கள். இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவே, செயினின் கீழ்ப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான சிறிய வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் அசைவுதான் சரியான அளவு. உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும், ஏனென்றால் தேய்ந்த செயின் ஓரிடத்தில் இறுகியும் வேறிடத்தில் தளர்ந்தும் இருக்கும். இந்த வேலைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

டயரில் காற்றை வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பின்னால் ஆள் ஏறுவதானால் பின் டயருக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். எண்ணெய் அளவு, இரண்டு பிரேக்குகள், ஹாரன் ஆகியவற்றையும் அன்றே பார்த்து, டாங்கை நிரப்பிவிடுங்கள்.

3. உடுப்பும் தாள்களும்

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் வேண்டும். தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட்டால் பயனில்லை. முழுக்கைச் சட்டையும் கணுக்காலை மூடும் ஷூவும் அணியுங்கள். சேலையோ துப்பட்டாவோ பின்சக்கரத்துப் பக்கம் தொங்கக் கூடாது. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும்.

4. சாலையில்

மேலப்பாளையம், முன்னீர்ப்பள்ளம், கோபாலசமுத்திரம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்ற வழியில் பாபநாசம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வேகம் 40, 50க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் பேருந்தில் போவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இராது.

பிரேக் போடும்போது முன் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி, பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு வளைவில் நுழையுங்கள்; கண் வளைவின் முடிவைப் பார்த்தால் வண்டியும் அந்தப் பக்கம் திரும்பும். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும். அதன்மேல் டயருக்குப் பிடிப்பு இருக்காது. அதைக் காணும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, மேலே ஏறிய பின் முன் பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். ஒரு மயில் குறுக்கே நடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணிக்கொண்டு காத்திருங்கள்.

5. நிற்கும் இடங்கள்

அரை மணிக்கு ஒருமுறை நிற்பது சோம்பல் அன்று. மணிக்கட்டும் இடுப்பும் அதைக் கேட்கும். ஆற்றோரக் கோரையில் பாய் நெய்யும் பத்தமடையிலும், மண்பாண்டத்துக்கும் நாதஸ்வர மேதை அருணாசலத்துக்கும் பேர்போன காருகுறிச்சியிலும், அப்பளத்துக்குப் பெயர்பெற்ற கல்லிடைக்குறிச்சியிலும் நிற்கலாம். எனக்குப் பிடித்த இடம் இவை எதுவும் இல்லை. கன்னடியன் கால்வாய் ஓடும் பகுதியில் ஏதாவது ஒரு வரப்போரம் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றால், முதலில் சூடான சைலன்சர் டிக் டிக்கென்று ஆறும் சத்தம் கேட்கும். அது அடங்கிய பிறகு மடையில் தண்ணீர் விழும் ஓசை கேட்கும். சைடு ஸ்டாண்டின் கீழே ஒரு தட்டைக் கல்லை வையுங்கள், இல்லாவிட்டால் ஈர மண்ணில் ஸ்டாண்டு புதைந்து வண்டி சாய்ந்துவிடும்.

6. பாபநாசமும் திரும்புதலும்

பாபநாசநாதர் கோயில் படித்துறையோடு முதல் பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். இரு சக்கர வாகனம் போகலாமா, எந்த நேரம் வரை போகலாம் என்பதில் சோதனைச் சாவடியில் வனத்துறையினர் சொல்வதே முடிவு. குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். வண்டியில் பையையும் தொங்கவிடாதீர்கள். நேரமிருந்தால் திரும்பும் வழியில் மணிமுத்தாறு அணையைப் பார்க்கலாம். ஆனால் இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும், பின்விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் இரவில் பக்கத்தில் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

வீடு சேர்ந்ததும், செயின் சூடு முழுவதும் ஆறுமுன் எஞ்சினை அணைத்துவிட்டுத் துணியால் துடையுங்கள். பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, செயினின் உட்பக்கத்தில் செயின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுவதும் ஊறவிடுங்கள்.