ஏற்காடு குளிரில் இறங்கிய டிரம்பெட் சுருதி

டிசம்பரில் சேலத்திலிருந்து ஏற்காடு போய் வாசித்தால் என் டிரம்பெட் சுருதி இறங்கி, கீபோர்டோடு சேராமல் படுத்தும். பித்தளை சுருங்குவதால் என்பார்கள் சிலர். சுருங்கினால் சுருதி ஏறத்தானே வேண்டும்! குழாய்க்குள் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறைகிறது, அதுதான் காரணம். குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சுருதி சேர்க்கும் டியூனிங் ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளியும் போதவில்லை, உதட்டை இறுக்கிச் சமாளித்தால் உதடு சீக்கிரமே செத்துவிடும். இப்போது உதடு வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றிச் சட்டைப் பையில் கதகதப்பாக வைத்துக்கொண்டு, முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மூன்று வால்வையும் அழுத்தியபடி சத்தமில்லாமல் வெறும் மூச்சை நிதானமாக ஊதிக் குழாயைச் சூடாக்குகிறேன், இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் திரும்பவும். சுருதி நிற்கிறது.