பீப் சத்தம் வந்தா ரேமைத் தேய்ச்சுப் பாருங்க

கம்ப்யூட்டர் ஆன் பண்ணினா பீப் பீப்னு கத்துது, திரையில ஒண்ணும் வரலையா? கடைக்குத் தூக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு, ரேமை (மதர்போர்டுல செருகியிருக்கற மெமரி பட்டை) கிளிப்பைத் திறந்து கழட்டி, அதோட தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, துகளைத் தட்டிட்டு, கிளிப் 'டக்'னு விழற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க.

பற்கள் மேல அழுக்குப் படிஞ்சா மின்தொடர்பு விட்டுப்போகும். ரப்பர் அந்தப் படலத்தை எடுத்துரும். திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்னா ரேம் செருகற ஸ்லாட்டுக்குள்ளயும் பஞ்சு அடைஞ்சிருக்கும், காய்ஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி விடுங்க. ரேமைத் தொடறதுக்கு முன்னாடி கேபினட் இரும்பை ஒருக்கா தொட்டுக்குங்க, உடம்புல இருக்கற நிலைமின்சாரம் இறங்கிரும். பேனா மை அழிக்கிற சொரசொர ரப்பர் மட்டும் வேண்டாமுங்க, தங்கப் பூச்சே போயிரும்.

ரேமை போர்டுலயே பற்றவச்ச லேப்டாப்புக்கு இது ஆகாது. வேற ஸ்லாட்டுல போட்டும் கத்துச்சுன்னா கோளாறு ரேம்லயோ போர்டுலயோ வேற பாகத்துலயோ இருக்கும், அப்ப கடைதான்.