லுத்தரன் சபையின் வெளிநாட்டு மிஷன் பயணம்: புறப்படும் முன் செய்ய வேண்டியவை

மிஷன் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பத்து நாள் பயணத்துக்குப் பத்து மாத ஆயத்தம் அதிகமே இல்லை. இந்தக் குறிப்புகள் 10 முதல் 14 பேர் சேர்ந்து, வெளிநாட்டுச் சபை ஒன்றுக்கு ஊழிய உதவிக்காக இரண்டு வாரத்துக்குள் போய்வரும் சபைக் குழுவுக்கானவை.

அழைப்பு வந்த பிறகே தேதி

"நாங்கள் வருகிறோம், என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?" என்று எழுதினால் எந்தச் சபையும் வேண்டாம் என்று சொல்லாது. விருந்தினர் மனம் நோகக்கூடாது என்று ஏதோ ஒரு வேலையை உண்டாக்கித் தரும். போன வருடம் ஒரு குழு வண்ணம் பூசிய சுவருக்கு இந்த வருடம் இன்னொரு குழு வண்ணம் பூசுவது இப்படித்தான். ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "அடுத்த வருடம் உங்கள் சபை செய்ய நினைத்திருப்பவை எவை? அவற்றில் உங்களுக்குப் பாரமாகாமல் நாங்கள் எதில் கைகொடுக்கலாம்?" பதில் "இப்போது வர வேண்டாம், கூரைக்கு உதவுங்கள்" என்று வந்தால் அதுவும் நல்ல பதிலே. அப்படியே செய்யுங்கள்.

கடிதம் ஒரு போதகரின் கைபேசிக்கு மட்டும் போனால் போதாது. உங்கள் சினோடு (பல சபைகளை நிர்வகிக்கும் மேல் அமைப்பு) அலுவலகம் வழியாக அவர்கள் சினோடு அலுவலகத்துக்கும் போக வேண்டும். போதகர் நடுவில் இடமாற்றம் பெற்றால் பேசியதெல்லாம் அவரோடு போய்விடும். காணிக்கைப் பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் ஆள் இருக்காது.

லுத்தரன் என்ற பெயர் ஒன்றானாலும் எல்லாச் சபைகளும் ஒன்றுக்கொன்று ஐக்கியத்தில் இல்லை என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 1947இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் தொடங்கிய லுத்தரன் உலகக் கூட்டமைப்பில் சேர்ந்த சபைகள் உண்டு. சர்வதேச லுத்தரன் கவுன்சிலில் உள்ளவை உண்டு. ஒரே கூட்டமைப்புக்குள்ளும் பிரிவு வருவதுண்டு. எத்தியோப்பியாவின் மேக்கானே யேசுஸ் சபை 2013இல் ஸ்வீடன் சபையோடும் அமெரிக்காவின் ஈஎல்சிஏ (அமெரிக்க எவாஞ்சலிக்கல் லுத்தரன்) சபையோடும் உறவை முறித்துக்கொண்டது. இதைத் தெரியாமல் போனால் ஞாயிறு காலை பலிபீடத்தருகே நிற்கும்போதுதான் தெரியவரும். நம் குழுவினர் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா, நம் பெண் போதகர் பிரசங்கிக்க அழைக்கப்படுவாரா, ஒரே பாத்திரமா தனிக் கிண்ணமா, புளிக்காத திராட்சைச் சாறா திராட்சை மதுவா என்ற நான்கையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அவர்கள் போதகர் கேட்டுக்கொள்ளாமல் நம் போதகர் அங்கே ஞானஸ்நானமோ திருவிருந்தோ நடத்தக் கூடாது.

பேசி முடித்ததை இரண்டு பக்க உடன்படிக்கையாக எழுதி இருபுறமும் கையெழுத்திடுங்கள். என்ன வேலை, யார் மேற்பார்வை, தங்குமிடம், உணவு, வண்டி, மொழிபெயர்ப்பாளர் கூலி, இவற்றுக்கெல்லாம் யார் பணம் தருவது, திட்டத்தைக் கைவிட நேர்ந்தால் என்ன செய்வது என்பவை அதில் இருக்கட்டும். கட்டட வேலையென்றால் உள்ளூர்க் கொத்தனாரே தலைமை; நாம் கல் எடுத்துக்கொடுக்கும் சித்தாள். பழகாத கை கட்டிய சுவரை நாம் கிளம்பிய பின் இடித்துக் கட்டும் செலவு அந்தச் சபையின் தலையில்தான் விழும்.

தேதி குறிக்கும்போது ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தையும் கிறிஸ்துமஸ் வாரத்தையும் விட்டுவிடுங்கள். போதகர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மழைக்காலத்தில் மண்சாலைகள் அடைபடும். நேரம் பேசும்போதும் கவனம் தேவை. தான்சானியாவிலும் எத்தியோப்பியாவிலும் மக்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். அவர்கள் "இரண்டு மணி" என்றால் அது நமக்குக் காலை எட்டு. எத்தியோப்பியாவின் நாட்காட்டியில் 13 மாதங்கள். ஆண்டும் நம் கணக்குக்கு ஏழெட்டு வருடம் பின்னால் நிற்கும். எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

குழுவைத் தெரிந்தெடுத்தல்

ஆர்வம் மட்டும் பார்த்து ஆள் சேர்க்காதீர்கள். தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், உடல்நலப் பொறுப்பாளர், தியானப் பொறுப்பாளர் என ஐந்து பொறுப்புகளையும் முதல் கூட்டத்திலேயே பிரித்துக்கொடுங்கள். துணைத் தலைவர் பெயருக்கு மட்டும் இருக்கக் கூடாது. தலைவர் காய்ச்சலில் படுத்தால் பணம், ஆவணங்கள், தொலைபேசி எண்கள் அத்தனையும் அவர் கையில் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் நடுவே ஊழியம் செய்பவர் எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கட்டாயம். மூப்பர் என்றோ போதகரின் மகன் என்றோ விலக்குத் தராதீர்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். படம் எடுப்பதற்குப் பெற்றோரின் சம்மதமும் சபையின் சம்மதமும் வேண்டும். எடுத்த படத்தோடு பிள்ளையின் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போடக் கூடாது. பெற்றோர் இல்லாமல் 18 வயதுக்கு உட்பட்டவர் வந்தால் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம் தேவை. அது இல்லாமல் குடியேற்ற முகப்பில் ஒரு பிள்ளை நிறுத்தப்பட்டால் குழு முழுவதும் நிற்க வேண்டியதுதான்.

பாஸ்போர்ட்டும் விசாவும்

திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்கின்றனவா என்று ஒன்பது மாதத்துக்கு முன்பே ஒவ்வொருவருடையதையும் கையில் வாங்கிப் பாருங்கள். "இருக்கிறது" என்று சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். சபைக் குழுக்களில் அடிக்கடி வரும் சிக்கல் இன்னொன்று: சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர். விமானச் சீட்டு, விசா, அழைப்புக் கடிதம், காப்பீடு நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். இணையவழி விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது என்பதால், விசா வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் அந்த விசா பயன்படாமல் போகலாம்.

விசா எந்த வகை என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. சுற்றுலா விசா எளிதாகக் கிடைக்கிறது என்று அதில் போய்ப் பிரசங்கம், போதனை, மருத்துவ முகாம் நடத்துவது பல நாடுகளில் விசா விதிமீறல். இந்தியா மிஷனரி விசா என்று தனி வகையே வைத்திருக்கிறது. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவதற்கு ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். நாம் விமானத்தில் ஏறித் திரும்பிவிடலாம், விசாரணைக்குப் போகப்போவது நம்மை அழைத்த சபை. படிவத்தில் உண்மையை எழுதுங்கள். எந்த வகை பொருந்தும் என்று தூதரகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

தடுப்பூசியும் மருந்தும்

பயண மருத்துவரைப் பார்க்க ஆறு முதல் எட்டு வாரம் முன்பே போங்கள். சில ஊசிகளுக்கு இடைவெளி தேவை, சில வேலை செய்ய நாள் பிடிக்கும். டைஃபாய்டு ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பை முன்கூட்டிப் போட முதல் நாளும் ஏழு நாள் கழித்தும் என இரண்டு ஊசிகள். டெட்டனஸ் போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் புதுப்பிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது. போகும் நாட்டில் அந்த நோய் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். நோயுள்ள ஒரு நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் மாறுவதற்குக் காத்திருந்தாலே சான்று கேட்கும் நாடுகள் உண்டு. பயணச்சீட்டு வாங்கும்போதே இதைப் பாருங்கள்.

மலேரியா மாத்திரையைத் திரும்பிய பிறகும் விழுங்க வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, வந்த பின் ஏழு நாள். டாக்சிசைக்ளின் என்றால் வந்த பின் நான்கு வாரம். எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுக்காதீர்கள்.

குழுவின் மருந்துப் பெட்டியில் 12 பேருக்கு 30 ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கில் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம், 500 மில்லிகிராம் பாராசிட்டமால் 60 மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, காயக்கட்டு, கையுறை, வெப்பமானி இருக்கட்டும். ஓஆர்எஸ் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கலக்குங்கள். தண்ணீர் தளதளவென ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலான மலை ஊர்களில் மூன்று நிமிடம். அவரவர் தினசரி மருந்து கைப்பையில், மருந்துச் சீட்டோடு, பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து. காப்பீட்டில் அவசர மருத்துவ இடமாற்றம் அடங்கியிருக்க வேண்டும்.

பணமும் பொருளும்

மொத்தச் செலவின்மேல் 10 முதல் 15 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். திட்டத்துக்கான பணத்தை வங்கி வழியாகச் சினோடு கணக்குக்கு அனுப்புங்கள். கட்டுக்கட்டாகக் கையில் கொண்டுபோவது ஆபத்து. பல நாடுகளில் 10,000 டாலருக்கு மேல் கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அங்கே யாராவது தனியாக வந்து உதவி கேட்டால், மனம் எவ்வளவு உருகினாலும் அந்த இடத்தில் பணம் தராமல் சபைச் சங்கத்திடம் சொல்லுங்கள். தனிநபர் கொடை ஒரு குடும்பத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே வைக்கும் கசப்பை நாம் பார்ப்பதில்லை. திரும்ப வருவதாகவோ படிக்க வைப்பதாகவோ வாக்குக் கொடுக்காதீர்கள். நாம் மறந்துவிடுவோம், அந்தப் பிள்ளை வருடக்கணக்கில் காத்திருக்கும்.

பொருள் கொண்டுபோவதை முடிந்தவரை குறையுங்கள். அங்கேயே கிடைப்பதை அங்கேயே வாங்கினால் அந்த ஊர் வியாபாரிக்கும் பிழைப்பு. பழைய துணி இறக்குமதிக்கு நைஜீரியாவில் தடை. மருந்து தானம் என்றால் போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடக் காலாவதி மிச்சமிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறி. கென்யாவிலும் தான்சானியாவிலும் கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உண்டு. மற்றதற்கெல்லாம் விலையோடு பட்டியலும் அழைத்த சபையின் கடிதமும் தலைவர் கையில் இருக்கட்டும். ஒரே வகைப் பொருளை ஒரே பெட்டியில் அடுக்காதீர்கள். அந்தப் பெட்டி தொலைந்தால் சிறுவர் முகாமே நின்றுபோகும். 100 வாட்மணிக்கு உட்பட்ட பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

ஆயத்தக் கூட்டங்கள்

மாதம் ஒன்றாக ஆறு கூட்டம், இரண்டு மணி நேரம். மூன்று கூட்டத்துக்கு வராதவர் பயணத்துக்கும் வர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேத தியானத்துக்கு லூக்கா 24 நன்றாக இருக்கும். எம்மாவு வழியில் ஆண்டவர் முதலில் கூட நடந்தார், கேட்டார், அதற்குப் பிறகே விளக்கினார்.

மொழி இரண்டு வாரத்தில் வராது. முப்பது சொற்கள் வரும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தே கற்றார். வணக்கம், நன்றி, மன்னிக்கவும், எண்கள், ஆசீர்வாதம், கர்த்தருடைய ஜெபத்தின் முதல் வரி ஆகியவற்றை அந்த மொழி பேசும் ஒருவர் வாயால் கேட்டுப் பழகுங்கள். சாட்சி சொல்பவர் மொழிபெயர்ப்போடு ஒத்திகை பார்க்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சு இருபது நிமிடம் ஆகும். இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள், சிலேடையும் பழமொழியும் வேண்டாம், எழுதியதை மூன்று நாள் முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.

புறப்படும் முந்தின ஞாயிறு ஆராதனையில் குழுவை முன்னே நிறுத்தி ஜெபித்து அனுப்புவது நம் வழக்கம். அன்றைய பொது ஜெபத்தில் அழைத்த சபையின் பெயரும் அதன் போதகர் பெயரும் வர வேண்டும். நமக்காக ஜெபிக்கும்படி அவர்களைக் கேட்பதற்கு முன்பே நாம் அவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

திரும்பி ஒரு மாதத்துக்குள் வரவுசெலவுக் கணக்கை எழுதி முதலில் அழைத்த சபைக்கு அனுப்புங்கள். அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகே நம் சபையில் வாசியுங்கள். குழுவில் யாருக்காவது அடுத்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போய் எந்த நாட்டுக்குப் போயிருந்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மலேரியா மாதங்கள் கழித்தும் தலைகாட்டும்.