கண்ணளவு வேண்டாம்: சின்னப் பிள்ளைக்கு வீட்டு வைத்தியம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் டிரெஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) இருந்த காலத்தில், பிள்ளைக்கு ஒன்று என்றால் லய வீட்டிலிருந்து நாலு எட்டு நடந்தால் போதும். இப்போது நாங்கள் டவுனில், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில். சுகாதார கிளினிக் மாலையோடு மூடிவிடும். பிள்ளைக்கு வயிறு கலங்குவதோ ராத்திரி பதினொரு மணிக்கு.

என் மாமியாருக்குக் கைவைத்தியம் அத்துப்படி. ஆனால் எல்லாமே கண்ணளவு. பத்துக் கிலோ உடம்புக்கு அது சரிப்படாது. இங்கே சொல்வதெல்லாம் ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு. கைக்குழந்தை என்றால் வீட்டில் எதையும் செய்து பார்க்காதீர்கள். அதிலும் மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலே நேராக மருத்துவமனைதான்.

முதலில்: அலமாரியும் புத்தகமும்

ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச், டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சீனிக் கரைசல்) பொட்டலம், பாரசிட்டமால் சிரப், மூக்குக்கான சலைன் (உப்புநீர்) சொட்டு. இவ்வளவும் பார்மசியில் கிடைக்கும்.

அப்புறம் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) என்ற இடத்தைப் பாருங்கள். மலேசியாவில் பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பரிசோதித்துவிடுகிறார்கள். குறைபாடு இருக்கும் பிள்ளைக்குச் சில மருந்துகளும் நாட்டு மூலிகைகளும் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பீரோவில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான். அதனால் எந்த மூலிகையும் கிளினிக்கில் கேட்ட பிறகே.

வயிற்றுப்போக்கு

பேதியைவிட, உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான் ஆபத்து. ஓஆர்எஸ் பொட்டலத்தில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை மில்லி கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்குங்கள். பாதிப் பொட்டலம், பாதி டம்ளர் என்று பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி.

பொட்டலம் இல்லாத ராத்திரிக்கு: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கத்தியின் முதுகால் கரண்டியை வழித்துவிடுங்கள். என் மாமியார் குவித்துப் போட்ட உப்பை ஒருமுறை நானே வழித்துப் பார்த்தேன். கீழே கொட்டியது கரண்டியில் இருந்த அளவுக்கு இருந்தது! கலந்ததும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். மீந்ததை மறுநாள் வைத்துக்கொள்ளக் கூடாது.

குடித்ததை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு சிரிஞ்சில் 5 மில்லி, கன்னத்தின் உள்பக்கமாக, மெதுவாக. மூன்று நிமிடம் கழித்து இன்னொரு 5 மில்லி. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் 100 மில்லி உள்ளே போய்விடும். என் மகள் மூன்றாவது சிரிஞ்சைத் துப்பினாள், நான்காவதற்கு வாயைத் திறந்தாள், பத்தாவதற்குத் தானே கை நீட்டினாள்.

தே ஓ (பால் சேர்க்காத தேநீர்), ஹண்ட்ரட் பிளஸ் பானம் வேண்டாம். சீனி அதிகம், பேதி கூடும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, வாழைப்பழம், பருப்புச் சோறு, பிள்ளை கேட்பதைக் கொடுங்கள். வயிற்றைக் காயப் போடுவது பழைய பழக்கம். பேதியை நிறுத்தப் பெரியவர்கள் போடும் மாத்திரையைத் தொடவே கூடாது.

அழுதால் கண்ணீர் வராதது, வாய் காய்வது, கண் குழிவது, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாதது, மலத்தில் ரத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

காய்ச்சல்

பாரசிட்டமால் சிரப்பில் இரண்டு வீரியம் விற்கிறது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் ஒன்று, 250 மில்லிகிராம் இன்னொன்று. கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150. முதல் புட்டி என்றால் கணக்குப்படி 6.25 வரும், 6 மில்லி போதும்; இரண்டாவது என்றால் 3 மில்லி. புட்டி மாறியது தெரியாமல் பழைய அளவே ஊற்றினால் இரட்டை மருந்து. லேபிளைப் படித்த பிறகே மூடியைத் திறங்கள். குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

டெங்கி சுற்றும் ஊர் நம்முடையது. அதனால் ஐபுபுரோபெனும் ஆஸ்பிரினும் கூடாது. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் மோசமான நேரம். உடம்பு ஆறிவிட்டதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கை கால், துவண்டு கிடப்பது என்றால் உடனே கிளம்புங்கள்.

சளி, இருமல்

தூங்கப் போகுமுன் மூக்கில் இரண்டு சொட்டு சலைன். இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன். தேன் ஒரு வயது முடிந்த பிறகுதான், அதற்கு முன் நாக்கில் தடவக்கூட வேண்டாம். மாமியார் கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து நாலு சொட்டு அதில் விடுவார். கிளினிக்கில் கேட்ட பிறகு என்றால் நான் தடுப்பதில்லை, வேலை செய்வது தேன்தான் என்பது என் கட்சி.

தடுப்பது வேறு இரண்டை. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் பச்சைத் தைலமும் பிள்ளையின் நெஞ்சுக்கும் மூக்குக்கும் வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம். கொதிக்கும் சட்டியில் ஆவி பிடிப்பதும் வேண்டாம், சட்டி கவிழ்ந்தால் வெந்துபோகும்.

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலா இடுக்கு உள்ளே இழுத்தாலோ கைவைத்தியம் அத்தோடு முடிந்தது.

சின்னச் சின்னது

மலச்சிக்கலுக்குப் பப்பாளி, நிறையத் தண்ணீர், பாலை நாளுக்கு அரை லிட்டருக்குள் குறைப்பது. வேர்க்குருவுக்குப் பச்சைத்தண்ணீர்க் குளியலும் தளர்ந்த பருத்திச் சட்டையும், பவுடர் தேவையில்லை.

கடைசி வேலை: சமையலறையில் தொங்கும் குதிரைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் பென்சிலால் எழுதுங்கள். மருந்து எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, கடைசியாக மூத்திரம் எப்போது. கிளம்பும்போது அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மிஸ்ஸி (நர்ஸ்) முதலில் கேட்பதே அதைத்தான்.