'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பழகும்போது பிக் பிடிக்கும் கை செய்யும் தவறுகள்

அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 1986-இல் வந்த பாட்டு. எட்டரை நிமிடம் ஓடும். கிட்டார் பழகுகிற மெட்டல் ரசிகர்கள் பலர் ஒருநாள் இதை முழுசாக வாசித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். நடுவில் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் ஃபிரெட் (கிட்டாரின் கழுத்தில் உள்ள உலோகப் பட்டைகள்) மேல் ஓடும் விரல்களைத்தான் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் சிக்கல் அங்கே இல்லை, பிக் (கம்பியை அடிக்கும் சின்னத் தகடு) பிடிக்கும் கையில் இருக்கிறது.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 212 பீட். முக்கிய ரிஃபில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) ஒரு பீட்டுக்கு இரண்டு அடி என்று கணக்குப் போட்டால் நொடிக்கு ஏழு அடி வரும். குழுவின் பாடகரும் கிட்டாரிஸ்ட்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அத்தனையையும் மேலிருந்து கீழாகவே அடிக்கிறார். முடியவில்லை என்று மேலும் கீழுமாக அடிக்க ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. மேல்நோக்கிய அடி கொஞ்சம் மெலிதாக விழும். சுரங்கள் சரியாக இருந்தாலும் அந்த ரிஃபின் இடி காணாமல் போய்விடும். மெதுவாக வாசித்தாலும் பரவாயில்லை, முதல் நாளிலிருந்தே டவுன்பிக்கிங்கில், அதாவது கீழ்நோக்கி மட்டும் அடித்து, பழகுங்கள்.

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது: இறுக்கம். வேகம் கூடியதும் முழங்கை பூட்டிக்கொள்ளும், விரல்கள் பிக்கை நசுக்கும், ஒரு நிமிடத்தில் முன்கை எரியும். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு வாசித்தால் பலம் வரும் என்று நினைக்காதீர்கள், மணிக்கட்டுக்குத்தான் கேடு. அசைவு மணிக்கட்டிலிருந்து, சின்னதாக வரட்டும். பிக்கின் நுனி மட்டும் கம்பியைத் தொட்டால் போதும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கை எவ்வளவு தூரம் விலகுகிறது என்று கண்ணாடி முன் உட்கார்ந்து பாருங்கள். தேவையில்லாமல் எவ்வளவு வீசுகிறோம் என்பது அப்போதுதான் தெரியும். கை இறுகினால் நிறுத்தி, உதறிவிட்டு, வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

அப்புறம் மெட்ரோனோம், அதாவது சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவி. ஒரு தடவை சரியாக வந்ததுமே வேகத்தைக் கூட்டிவிடுகிறோம். 120-இல் இரண்டு நிமிடம் சீராக, கை தளர்வாக வாசிக்க முடிந்த பிறகு 124-க்குப் போங்கள். 160-இல் உடைந்தால் 150-க்கு இறங்குங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், அவசரமே இல்லை.

ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கி) கெயினை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை, ஏற்றி வைத்துக்கொண்டு பழகுவதும் வேண்டாம். டிஸ்டார்ஷன் என்கிற அந்தக் கரகரப்பு தவறுகளை மூடிவிடும். அதைக் குறைத்துக் கேட்டால் எந்த அடி விட்டுப்போகிறது என்று பளிச்சென்று தெரியும். பாம் மியூட்டுக்கு (உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கி ஒலியை அடக்குவது) உள்ளங்கை ஓரம், கம்பிகள் தாங்கி நிற்கும் பிரிட்ஜை ஒட்டியே இருக்க வேண்டும், உள்ளே நகர்ந்தால் சுரம் செத்துவிடும்.

பாடும் பகுதியின் ரிஃபில் ஒவ்வொரு நான்காவது பாரும் (தாளத்தின் ஒரு சுற்று) மற்றவற்றைவிடக் குறுகலாக முடியும். டேப்பை (எந்தக் கம்பியில் எந்த ஃபிரெட் என்று எண்களால் எழுதிய குறிப்பு) பார்த்து எண்ணிக்கொண்டே போனால் டிரம்ஸை விட்டு விலகிவிடுவீர்கள். அந்த இடத்தை மட்டும் பலமுறை கேட்டு வாயால் முனகிப் பழகுங்கள். வாய்க்கு வந்தது கைக்கு வரும்.

நடுவில் வரும் மெதுவான பகுதியைச் சுலபம் என்று தள்ளிவைக்காதீர்கள். மூன்றரை நிமிடம் ஓயாமல் அடித்து வந்த கை, அங்கே சட்டென்று ஒவ்வொரு கம்பியாக மென்மையாக மீட்ட வேண்டும். அந்த மாறுகிற இடத்தை, முந்தைய ரிஃபோடு சேர்த்தே பழகுங்கள்.